ஆமையின் ஏகாதசி

வைகாசி மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு எங்கள் வீட்டு ஆமை தயிர் சாதத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான்கு பருக்கையை விரல் நுனியில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. 'பசியில்லை போலும்' என்று அன்றைய பக்கத்தில் எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். ஆறாம் நாள் 'போலும்' என்ற சொல்லை விட்டுவிட்டேன். பன்னிரண்டாம் நாள் ஆமையை ஈரத் துண்டில் சுற்றித் துணிப்பையில் வைத்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்கு ஆட்டோ பிடித்தேன்.

"இன்னா சார், பை நவுருது?" என்றார் ஆட்டோக்காரர், கண்ணாடியில் பார்த்தபடி.

"ஆமை. டாக்டர்கிட்ட போறேன். கொஞ்சம் சீக்கிரம் போங்க."

"ஆமைய மடியில வெச்சிக்கினு சீக்கிரம் போன்றியே. இத்தினி வருசத்துல இப்படிக் கேட்ட மொத ஆளு நீதான் சார்."

சிரித்தேன் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது சிரிக்கவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

நான் நாளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறவன். கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். அளந்து, பார்த்து, உடனே எழுதிவிடுவது அங்கே பழகியது. வீட்டிலும் அது தொடர்ந்தது. மழை எப்போது தொடங்கியது, மாடியில் தண்ணீர் எப்போது நின்றது, என்ன புத்தகம் முடித்தேன், யார் வந்து போனார்கள். ஆமை வந்த நாளிலிருந்து அதற்கும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மூன்று வரிகள் ஒதுக்கினேன்: உணவு, வெயில், உடல்நிலை. தமிழ் மாதப் பிறப்பு அன்று எடையும் சேரும்.

அது வந்தபோது எனக்கும் என் மனைவிக்கும் கல்யாணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஒரு தை மாத மாலை, வேலை முடிந்து வரும் வழியில் தி. நகரில் இறங்கி ஒரு வண்ணமீன் கடையில் நின்றேன். கண்ணாடித் தொட்டியில் பத்துப் பன்னிரண்டு குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியவை. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததைக் காட்டி அதைக் கொடுங்கள் என்றேன்.

வாசலிலேயே கீழ்வீட்டு மாமி பார்த்துவிட்டாள். எனக்கு முன்னால் படியேறி என் அம்மாவிடம் போய்ச் சொன்னாள்: "ஆமையைப் போய் யாராவது ஆத்துக்குள்ள விடுவாளா மாமி? குடும்பத்துக்கு ஆகாது. இப்பவே திருப்பிக் கொடுத்துட்டு வரச் சொல்லுங்கோ."

என் அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. வீட்டின் சட்டதிட்டம் எல்லாம் அவள் கையில். பிளாஸ்டிக் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். நானும் என் மனைவியும் வாசலிலேயே நின்றோம்.

"பெருமாளே கூர்மமா அவதாரம் பண்ணியிருக்கார். ஆத்தைத் தேடிண்டு வந்தவரைத் திருப்பி அனுப்பறதாவது" என்றாள் அம்மா. பிறகு அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஆனா ஒண்ணு. மீன், புழு, அது இதுன்னு எதுவும் இந்த வாசப்படி தாண்டப்படாது. நாம என்ன சாப்டறோமோ அதத்தான் அதுவும் சாப்டும். சம்மதம்னா வெச்சுக்கோ."

சம்மதம் என்றேன். கடைக்காரர் தந்த தீனி டப்பாவில் காய்ந்த இறால் இருந்தது. கீழே இறங்கிப்போய்த் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து ஆமை எங்கள் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டது. காலையில் தயிர் சாதம். மாலையில் கீரை மசியல், சில நாள் வாழைப்பழம். சனிக்கிழமை நான் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது அதன் ஓட்டுக்கும் அம்மா ஒரு சொட்டு நல்லெண்ணெய் தேய்ப்பாள்; ஓடு பளபளவென்று இருக்கும். மாதத்தில் இரண்டு ஏகாதசிகளில் வீட்டில் அரிசி வேகாது. அம்மா நாள் முழுக்கத் தீர்த்தம் மட்டும். எங்களுக்கு மதியம் கொஞ்சம் கோதுமை ரவை உப்புமா. ஆமைக்கும் தண்ணீர் மட்டும்தான். அன்றைக்கெல்லாம் அது பால்கனித் தொட்டியின் சுவரை நகத்தால் சர்சர் என்று கீறிக்கொண்டே இருக்கும். "பெருமாள் உலாத்தறார்" என்பாள் அம்மா. நான் 'ஏகாதசி, உபவாசம்' என்று எழுதி வைப்பேன்.

அம்மா போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஏற்பாடு எதுவும் மாறவில்லை. சனிக்கிழமை எண்ணெயைக்கூட நான் விடவில்லை.

அடையாறு மருத்துவமனையில் எனக்கு முன்னால் இரண்டு நாய்களும் கூண்டில் ஒரு பூனையும் இருந்தன. மருத்துவர் முப்பது வயதுப் பெண். ஆமையைக் கையில் எடுத்தவுடன் கட்டைவிரலால் ஓட்டை அழுத்தினார். ஓடு உள்ளே போய்த் திரும்பி வந்தது. எனக்கு அது புதிதல்ல. அம்மா எண்ணெய் தேய்க்கும்போது பலமுறை பார்த்திருக்கிறேன். 'ஓடு மிருதுவாக இருக்கிறது, நலம்' என்று சந்தோஷமாக எழுதியும் இருக்கிறேன்.

"வயசு?"

"இருபத்தேழு வருஷம், நாலு மாசம்."

"இவ்வளவு சரியா யாரும் சொல்ல மாட்டாங்க" என்று புன்னகைத்தார். "என்ன சாப்பாடு குடுப்பீங்க?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் கடைசி மூன்று ஆண்டு நாட்குறிப்புகளைக் கொண்டுபோயிருந்தேன். உண்மையைச் சொல்வதென்றால், கொஞ்சம் பெருமையோடுதான் அவற்றை மேசைமேல் வைத்தேன். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"தயிர் சாதம். தயிர் சாதம், கீரை. தயிர் சாதம்." நிமிர்ந்தார். "இது யாரோட சாப்பாடு சார்? உங்களோடதா, ஆமையோடதா?"

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

"ஏகாதசி, உபவாசம்னு போட்டிருக்கே?"

விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. "அது பரவாயில்ல சார். இது பட்டினி தாங்கும். அந்த ரெண்டு நாள்ல ஒரு கெடுதலும் இல்ல. மத்த நாள்தான்."

பிறகு வெயில் வரியைப் படித்தார். நாள் தவறாமல் எழுதியது அது. தையில் ஏழு ஐம்பதிலிருந்து ஒன்பது பத்து வரை. சித்திரையில் ஆறரையிலிருந்து எட்டே கால் வரை. மேகம் இருந்தால் அதையும் கழித்திருப்பேன். "வெயில் தினமும் குடுத்திருக்கீங்களே" என்று அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "திறந்த வெளியிலதானே?"

"பால்கனியில. காக்கா கொத்த வந்ததுன்னு மூணாம் வருஷம் கண்ணாடி போட்டுட்டோம்."

அவர் நாட்குறிப்பை மூடினார். "கண்ணாடி வழியா வர்றது வெறும் வெளிச்சம் சார். எலும்புக்கு வேண்டியது அதுல இல்ல. அத கண்ணாடி நிறுத்திடும்."

எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் புகை மாதிரி இருந்தது. இந்த வயதுக்கு இரண்டு மடங்கு எடை இருந்திருக்க வேண்டும் என்றார். சிறுநீரகமும் பழுதாகிவிட்டது, கண் வீங்கியிருப்பது ஊட்டமில்லாததால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், அதிகம் முக்கியமில்லாத ஒன்றைச் சொல்வதுபோல, "இது பொண்ணு" என்றார்.

"சரியாயிடுமா?"

"எலும்பு திரும்ப வராது சார்." படத்தை எடுத்து வைத்தார். "ஒரு மாசம் பாக்கலாம். வாரம் ஒரு ஊசி போடறேன். நேர் வெயில்ல வைங்க, பாதி நிழலும் இருக்கட்டும். சின்ன மீன், முள்ளோட, பொடியா நறுக்கிக் குடுங்க. தானா அதச் சாப்பிட ஆரம்பிச்சதுன்னா கொஞ்ச நாள் கூடக் கிடைக்கும்."

"சாப்பிடலேன்னா?"

அவர் மருந்துச் சீட்டில் அடுத்த ஊசியின் தேதியை எழுதிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீன் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அவள் பையிலிருந்து ஆமையை எடுத்துத் தொட்டியில் விட்டாள்.

"பொண்ணா?" என்றாள். "ஏன்னா, பொண்ணுக்கு வெள்ளிக்கிழமையில்லையா எண்ணெய் தேய்ச்சிருக்கணும். இருபத்தேழு வருஷமா புருஷாள் கிழமையில தேய்ச்சிருக்கேள்."

இருவரும் சிரித்தோம். சிரிப்பு நின்ற பிறகு அவள் தொட்டியருகிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலை பரணிலிருந்து முதல் ஆண்டு நோட்டை இறக்கினேன். ஓடு எப்போது மெத்தென்று ஆகத் தொடங்கியது என்று தேடலாம் என்பது எண்ணம். அது வந்த நாளின் பக்கம் முதலில் கண்ணில் பட்டது. எடை, நீளம், தொட்டித் தண்ணீரின் ஆழம், எல்லாம் என் பழைய குண்டுக் கையெழுத்தில். அடியில் ஒரு வரி: 'கடைக்காரர் சொன்னது: சோறு போடக் கூடாது, இறால்தான். ஓடு அப்போதுதான் கெட்டியாகும்.' அதற்குக் கீழே அன்றைய உணவு: 'தயிர் சாதம், ஐந்து பருக்கை. விரும்பி உண்டது.'

அந்த வரியை எழுதியது எனக்கு நினைவே இல்லை. கேட்டிருக்கிறேன், எழுதியிருக்கிறேன், எழுதியதோடு அந்தக் காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டேன். அம்மாவின் நிபந்தனை என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். அம்மாவுக்கு ஆமையைப் பற்றித் தெரியாது. எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

மறுநாள் காலை பட்டினப்பாக்கம் பக்கம் மீன் விற்கும் சாலைக்கு நடந்தேன். அறுபத்தோரு வயதுவரை கடற்கரைக்குப் பலமுறை போயிருக்கிறேன். அந்தச் சாலையை எப்போதும் எதிர்ப்பக்கமாகத்தான் கடந்திருக்கிறேன். நெற்றியில் காலையில் இட்ட திருமண் அப்படியே இருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு வரத் தோன்றவில்லை. அங்கே போனதும்தான் அது உறைத்தது.

"இன்னா சாமி, கோயிலு அந்தாண்ட கீது. வழி மாறி வந்துட்டியா?" என்றாள் ஓர் அம்மாள், கூடைக்குப் பின்னாலிருந்து.

"நெத்திலி வேணும். நாலு."

"நாலு கிலோவா? வூட்ல விசேசமா?"

"நாலு மீன்."

பக்கத்துக் கூடைக்காரி சிரித்துவிட்டாள். "யக்கா, சாமி நாலு மீனு வாங்கிக்கினு போய் வூட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம துன்னப்போவுது. பாவம், கவுச்சி போவ ஒரு சோப்பும் சேத்துக் குடு!"

"எனக்கில்ல. ஆமைக்கு."

"ஆமைக்கா?" கூடைக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "நாங்க கடல்ல அது வலைய கிழிச்சிக்கினு போவுதேன்னு அழுவுறோம். நீ அத்த வூட்ல வெச்சி மீனு வாங்கிப் போடுறியா? வயசு இன்னா அதுக்கு?"

"இருபத்தேழு."

"என் பெரிய பொண்ணு வயசு. இத்தினி நாளா எங்க மீனு வாங்குன?"

"வாங்கலம்மா. தயிர் சாதந்தான் போட்டோம்."

அவள் சிரிப்பு நின்றது. என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "வாயில்லாத ஜீவன்யா அது" என்றாள். ஒரு கை நெத்திலியை அள்ளி இலையில் வைத்துச் சுருட்டித் தந்தாள். "இத்த ஒருவாட்டி துன்னா சோத்தத் திரும்பிப் பாக்காது. பாரேன்."

மீன் வாசப்படி தாண்டவில்லை. மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் பாதி விழும் இடத்தில் ஒரு பழைய டப் வைத்திருந்தேன். அங்கேயே செய்தித்தாளை விரித்து, பென்சில் சீவும் கத்தியால் நெத்திலியை நறுக்கினேன். எப்படிப் பிடிப்பது என்று தெரியவில்லை. இரண்டு வழுக்கி ஓடின. ஒரு துண்டைக் குச்சியில் குத்தி ஆமையின் முகத்துக்கு நேராக நீட்டினேன். அது மூக்கை அருகில் கொண்டுவந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஒன்பது இருபது. முகர்ந்தது. பிறகு நான்கு காலையும் தலையையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். வாய்க்குள் வைத்தால் முன்கால்களால் தள்ளித் துப்பியது. மீதியை மாடிப் பூனை தின்றது.

ஒன்பதாம் நாள் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது என் மனைவி மாடிக்கு ஏறி வந்தாள். முழங்கால் வலி அவளுக்கு. மாடிக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். செய்தித்தாளைப் பார்த்தாள்.

"எட்டு நாளா வாசனை தெரியறது. எப்பச் சொல்வேள்னு பாத்துண்டிருந்தேன்" என்றாள்.

"ஆத்துக்குள்ள கொண்டு வரலை."

"தெரியும்." டப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "சாப்டறதா?"

"இல்லை. இது என்னன்னே அதுக்குத் தெரியலை."

ஆமையின் ஓட்டை விரலால் தொட்டாள். பிறகு சொன்னாள்: "ஏன்னா, பெருமாள் கீழ சன்னிதியில இருக்கார். இது ஆமை. நம்மாத்துல ஒருத்தருக்குக்கூட அதச் சொல்லத் தோணலை பாருங்கோ."

அவள் 'நம்மாத்துல' என்றாள், 'உங்களுக்கு' என்று சொல்லவில்லை. முதல் நோட்டில் இருந்த வரியை அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதைப் படிக்கும்போதுதான் அவளுக்குத் தெரியப்போகிறது.

மூன்றாவது ஊசியன்று மருத்துவர் குழாய் வைத்து ஊட்டிப் பார்த்தார். தாடை அவர் விரலில் ரப்பர் மாதிரி வளைந்தது. உடனே நிறுத்திவிட்டார். மீன்காரம்மாள் ஒவ்வொரு முறையும் கேட்டாள்: "துன்னுச்சா?" மூன்றாவது முறை நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "நான் சொன்னேன் பாத்தியா!" என்று பக்கத்துக் கூடைக்காரியிடம் என்னைக் காட்டினாள். நாட்குறிப்பில் நான் எழுதாமல் விட்ட உரையாடல் அது ஒன்றுதான்.

ஆனி இருபத்திரண்டாம் தேதி. மாடியில் மீன் துண்டை நீட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி எனக்குத் தயிர் சாதத்தை ஒரு கிண்ணத்தில் அங்கேயே கொண்டுவந்து வைத்திருந்தாள். கழுத்து ஓட்டுக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. மீனைத் தாண்டிக் கிண்ணத்தின் பக்கம் திரும்பியது. வீங்கிய கண்ணால் எதையும் பார்த்திருக்க முடியாது, வாசனைதான். விரலில் எடுத்து நீட்டினேன். வாயைத் திறந்தது. ஒரு வாய், இரண்டு வாய். கடைசியில் ஆறு பருக்கை.

நான் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"சாப்பிடறதக் குடுங்க சார்" என்றார்.

"தயிர் சாதம்தான் கூடாதுன்னு..."

"இனிமே பரவாயில்ல சார்." பிறகு மெதுவாக, "அடுத்த வாரம் ஊசிக்கு வர வேண்டாம். அலைச்சல் அதுக்கும் கஷ்டம்" என்றார்.

தொழிற்சாலையில் இதே தொனியை நானும் பயன்படுத்தியிருக்கிறேன். தேறாது என்று தெரிந்துவிட்ட பொருளுக்கு அளவு எடுப்பதை நிறுத்திவிடுவோம். எந்திரத்தை ஓட்டுகிறவரிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவோம்.

எட்டு நாட்கள் சாப்பிட்டது. ஆறு பருக்கை, நான்கு, ஐந்து, மூன்று. நாங்கள் இருவரும் மாறி மாறி ஊட்டினோம். எலும்பைக் கரைத்த அதே சோறு என்று தெரிந்தும், வாய் திறக்கும்போது வரும் சந்தோஷத்தை எங்களால் அடக்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் ஏகாதசி. காலையில் சமையலறையில் குக்கர் சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். என் மனைவி குளித்து, ஈரத் தலையில் துண்டோடு அடுப்பின் முன்னால் நின்றாள். அம்மா இருந்த காலத்திலும் போன பிறகும் அந்தச் சமையலறையில் ஏகாதசியன்று அரிசி வெந்ததில்லை.

"இன்னிக்கு ஏகாதசி" என்றேன்.

"நமக்கு" என்றாள்.

குழைய மசித்து, ஆற வைத்து, தயிர் விட்டுப் பிசைந்தாள். நான் ஆமையைத் தூக்கிக்கொண்டேன், அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாக ஏறினோம். டப்பில் விட்டு, வெயில் படும் பக்கமாகத் திருப்பி வைத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து விரலை நீட்டினாள். ஆமையின் கழுத்து வெளியேதான் இருந்தது. வாயருகே பருக்கையை வைத்துத் தொட்டாள். அசையவில்லை. தண்ணீர் தெளித்தாள். ஒரு முன்கால் மட்டும் கொஞ்சம் நகர்ந்தது. டப்பின் சுவரை நகம் தொட்டது, கீறவில்லை.

"சாப்டுடி. இன்னிக்கு உனக்கு உபவாசம் இல்லை" என்றாள். ஒன்பது இருபதிலிருந்து பத்து ஐந்து வரை விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அதற்குள் நிழல் வந்துவிட்டது.

கிண்ணத்தைக் கீழே கொண்டுவந்து மேடைமேல் வைத்தாள். நாங்கள் இருவரும் விரதம். அந்தச் சோற்றைச் சாப்பிட அன்று வீட்டில் யாரும் இல்லை.

நாட்குறிப்பைத் திறந்தேன். வெயில்: ஒன்பது இருபது முதல் பத்து ஐந்து வரை, திறந்த வெளி. உணவு என்ற இடத்தில், ஏகாதசி என்று எழுதிவிட்டுப் பழக்கத்தில் உபவாசம் என்ற சொல்லின் முதல் எழுத்தையும் போட்டுவிட்டேன். அதை அடித்துவிட்டு எழுதினேன்: 'கொடுத்தோம். சாப்பிடவில்லை.'

ஆமை இன்னும் இருக்கிறது. இதை எழுதும் இன்று ஆடி நான்கு. காலையில் மாடிக்குத் தூக்கிப்போய் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மாதப் பிறப்பன்று எடை போடவில்லை.